மூன்றாம் மாதிரி

பெரிய கடைகளில் கண் மட்டத்தில் இருக்கிற அலமாரித் தட்டுக்காக மனிதர்கள் எப்படியெல்லாம் அல்லாடுகிறார்கள் என்பது சாமான் வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. குனிந்து எடுக்கவேண்டிய தட்டில் இருப்பதும், எட்டி எடுக்கவேண்டிய தட்டில் இருப்பதும் இருந்தும் இல்லாத மாதிரிதான். நிமிர்ந்து பார்த்ததும் கண்ணில் படுகிற தட்டில் இடம் பிடித்தால்தான் ஒரு சின்னக் கம்பெனி தலையெடுக்கும். பெரியவளின் கம்பெனிக்கு அந்தத் தட்டில் இடம் கிடைக்க இன்னும் பத்தே நாள் இருந்தது.

வீட்டுக்கு மூத்தவள் என்பதால் அவள் பெரியவள். தண்ணீர் பாட்டில் செய்கிற கம்பெனியைப் பதினோரு வருஷமாக நடத்திக்கொண்டிருந்தாள். பதினான்கு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர், பாட்டிலுக்கும் மூடிக்கும் இரும்பில் அச்சு வெட்டுகிற அச்சுக்காரர். அடுத்துப் பிறந்த தம்பி சின்னவன். கம்பெனியின் விற்பனை அவன் பொறுப்பு. அன்று காலை அவள் கடைக்குப் போனது ஒன்றும் வாங்குவதற்கில்லை. புது வீட்டுக்குக் குடிபோகுமுன் பூட்டிய கதவையாவது ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி தன் பாட்டில் உட்காரப்போகிற தட்டைப் பார்க்கிற ஆசை.

தட்டு காலியாக இல்லை.

இருபது பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் நீல அட்டை. ஊரில் பாதி பாட்டில் விற்கிற பெரிய கம்பெனியின் நிறம் அது. அவளும் ஆட்களும் அதை நீலக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும் சாய்வு மூடி. அட்டையில், ‘ஒரே கையால் திறக்கலாம்!’ என்று கொட்டை எழுத்து. மூன்று வருஷமாக அவள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்த வாக்கியம் அது. ஆச்சரியக்குறி மட்டும்தான் அவர்களுடைய சொந்தச் சரக்கு.

பக்கத்தில் நின்ற ஒருவர், பார்வைக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து அழுத்திப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினார். “ஒரே கையாம்! ரெண்டு கையாலயே வரமாட்டேங்குது,” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, சாதாரணத் திருகு மூடிப் பாட்டில் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

பெரியவள் அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த மூடியில் கட்டைவிரலுக்கான பள்ளம் இடப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஆழமாக இருந்தது. உலகத்தில் யாரும் வேண்டுமென்றே அப்படி ஒரு பள்ளம் வெட்டமாட்டார்கள். அவள் வெட்டினாள். அது அவளுடைய மூன்றாம் மாதிரி.

அந்தப் பள்ளம் வந்த கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது கை பலமில்லாமல் போனது. வலது கையோ, சின்ன வயசில் கதவிடுக்கில் நசுங்கியதால் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்து கிடக்கிற கை. அம்மா பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகுவாள். பாதித் தண்ணீர் மடியில் கொட்டும். பாட்டில் ஒழுகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தோமே, அது திறக்கவேண்டும் என்று ஒருவரும் பார்க்கவில்லையே என்று பெரியவளுக்கு உறைத்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கடையின் கொள்முதல் மேனேஜரும் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லியிருந்தார். “உங்க பாட்டிலுக்கும் பக்கத்துப் பாட்டிலுக்கும் ஸ்டிக்கரைத் தவிர என்ன மேடம் வித்தியாசம்? வேற யாருகிட்டயும் இல்லாததா ஒண்ணு கொண்டுவாங்க, கண் மட்டத்துல வைக்கிறேன். இல்லைன்னா அடித்தட்டையும் எடுத்துடுவேன்.” அடித்தட்டும் போனால் கம்பெனிக்குப் பூட்டுத்தான்.

ஆகவே பெரியவள் களிமண்ணை உருட்டிக்கொண்டு அம்மாவிடம் போனாள். அம்மாவின் கட்டைவிரல் எங்கே எப்படி விழுகிறதோ, அந்த அச்சை அப்படியே எடுத்து மூடியாக்கினாள். முதல் இரண்டு மாதிரிகள் சரிப்படவில்லை. மூன்றாவதை அம்மா ஒரே அழுத்தில் திறந்தாள். அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

ஆனால் கம்பெனியில் மற்றவர்கள் விரல் அந்தப் பள்ளத்தில் உட்காரவே இல்லை. ஒருத்திக்கு நகம் மாட்டியது, இன்னொருவருக்கு வழுக்கியது. அம்மாவுக்கு மட்டும் திறக்கிற பாட்டிலை யார் வாங்குவார்கள்? பெரியவள் விடவில்லை. நான்காவது, ஐந்தாவது என்று போய், ஆறாம் மாதிரியில் பள்ளமே இல்லாமல் அகலமான பட்டை ஒன்று வைத்தாள். விரல், உள்ளங்கை, முழங்கை, எதை வைத்து அழுத்தினாலும் திறந்தது. அதைத்தான் காப்புரிமைப் பதிவுக்கும் கொடுத்திருந்தாள். நீலக் கம்பெனி எடுத்திருந்தது பாதி வழியில் அவள் கழித்துப்போட்டதை. திருடியதிலும் அரைகுறை.

கடை வாசலில் நின்றபடியே சின்னவனுக்கு போன் போட்டாள்.

“அக்கா, முதல்ல பதறாதே,” என்றான். “நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? அச்சுக்காரர் மேல ஒரு கண்ணு வையின்னு. நீலக் கம்பெனி ஆளோட உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு. என் கண்ணால பாத்தேன்.”

“அவரு அப்படிப்பட்டவர் இல்லடா.”

“நீ எல்லாரையும் நல்லவங்கன்னு நம்புவே. மூணாவது மாதிரியை அரைச்சது யாரு? அவருதானே? நீயே யோசி.”

அடுத்து கொள்முதல் மேனேஜரே கூப்பிட்டார். “பாத்தீங்களா மேடம், முந்திக்கிட்டாங்க. உங்களதை வைக்கிறது இனிமே கஷ்டம்.”

“சார், அதுவும் இதுவும் ஒண்ணு இல்லை. அது திறக்காது, எங்களது திறக்கும்.”

“பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? திறக்கலைன்னு நாலு பேர் திருப்பிக் கொண்டுவந்து போட்டுட்டா, இந்த மாதிரி மூடியே வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. நீங்க ரெண்டாவதா வந்து நின்னா என்ன பண்றது?” குரலில் இரக்கம் இருந்தது, இடம் இல்லை.

பெரியவள் நீலப் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே யோசனை. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, அவளே ஏற்படுத்தியது. புது மாதிரி சரியானதும் பழையதை அன்றே அரவை மெஷினில் போட்டுத் தூளாக்கிவிட வேண்டும். எத்தனை அரைத்தோம் என்று நோட்டில் எழுதவேண்டும். குப்பையில் ஒன்று போனாலும் போட்டிக்காரன் கையில் கிடைக்கும் என்ற பயம். மூன்றாம் மாதிரியில் செய்தது நான்கு. நோட்டில் ‘அரைத்தது நான்கு’ என்று இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அரைப்பது அச்சுக்காரர் வேலை. கணக்கு இவ்வளவு நேராக இருக்கும்போது மனசு எங்கே வளைந்து போகும்?

அச்சுக்காரர் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். அவள் காகிதத்தில் எதை வரைந்தாலும் இரும்பில் அதை வெட்டிக் கொடுப்பவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அன்று அவள் உள்ளே நுழைந்த வேகத்தைப் பார்த்து யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அவர் மேஜைமேல் நீலப் பாட்டிலை வைத்தாள்.

“இது என்னண்ணே?”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூடியைத் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தில் விரலை ஓட்டினார். “நம்ம மூணாவது மாதிரி.”

“பாத்த உடனே சொல்லிட்டீங்களே.”

“அச்சு வெட்டினவன் நான்தானே தங்கச்சி. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்,” என்றாள் பெரியவள். “உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? நாலையும் அரைச்சதா நோட்டுல இருக்கு. அரைச்சது நீங்க. அப்புறம் அவங்க கையில எப்படிப் போச்சு? சும்மா நடந்து போயிருச்சா? நீலக் கம்பெனி ஆளோட டீ குடிச்சீங்களே, அன்னிக்கா கொடுத்தீங்க?”

சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. சோறு போட்ட கம்பெனிக்கே குழி பறித்தீர்களா என்று கேட்டாள். கூடப் பிறக்காத அண்ணன் என்று நம்பினேனே என்றாள். திருட்டு என்ற வார்த்தையையும் சொன்னாள். பன்னிரண்டு பேர் அவரவர் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அச்சுக்காரர் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான கையைத்தான் துடைத்தார்.

“டீ குடிச்சேன்,” என்றார் கடைசியில். “வேலைக்குக் கூப்பிட்டாங்க. வரலைன்னுட்டேன். அதை உங்ககிட்ட வந்து சொன்னா, சம்பளம் ஏத்திக் கேக்கிறதுக்குப் போடற பீடிகை மாதிரி இருக்கும். அதான் சொல்லலை.”

“அப்ப இது?”

“நான் அரைச்சது மூணு. எண்ணித்தான் போட்டேன். நோட்டுல நாலுன்னு இருக்கு. யாரு கையெழுத்துன்னு எடுத்துப் பாருங்க மேடம்.”

பதினோரு வருஷத்தில் அவர் அவளை மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்த்துக் கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நோட்டு அவர் மேஜைமேலேயே இருந்தது. பெரியவள் புரட்டினாள். ‘அரைத்தது நான்கு’. நான்கின் வாலை நீட்டி இழுக்கிற அந்த எழுத்து அவளுடையதேதான்.

“ஒண்ணை நீங்க கைப்பைக்குள்ள வச்சதை நான் பாத்தேன்,” என்றார் அவர். “ஆரஞ்சு மூடி போட்டது. அம்மாவுக்குத்தானே கொண்டுபோறாங்க, அதையெல்லாம் ஒரு தப்புன்னு கேக்கணுமான்னு விட்டுட்டேன்.”

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இழுப்பறைச் சாவியை நோட்டின் மேல் வைத்தார். “அண்ணே,” என்றாள் பெரியவள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எழுதி வைத்ததை மனுஷன் எப்படி நம்பிவிடுகிறான் பாருங்கள். தன் கையால் எழுதிய பொய்யையே அவள் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா வீட்டுச் சமையலறையில் இருந்ததை மாதிரி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அது அம்மாவின் பாட்டில், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு ஏதாவது வெளியிலிருந்து வரும் என்று நினைத்திருக்கிறாளே தவிர, அங்கிருந்து ஒன்று வெளியே போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அம்மா குடியிருந்தது இரண்டாவது மாடியில். பெரியவள் போனபோது மத்தியானம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?”

பெரியவள் நேரே சமையலறைக்குப் போனாள். ஜன்னலோரம் எப்போதும் நிற்கிற ஆரஞ்சு மூடி இல்லை. அந்த இடத்தில் நீலக் கம்பெனிப் பாட்டில். பிரிட்ஜ் கதவில் புத்தம்புது விசிட்டிங் கார்டு ஒன்று ஒட்டியிருந்தது. நீலம். சின்னவனின் பெயர், கீழே, ‘விற்பனைத் தலைவர்’.

“அம்மா, அந்த ஆரஞ்சு மூடி எங்க?”

“இங்கதான் எங்கயாவது இருக்கும்.” மடித்த துணியை அம்மா மறுபடி பிரித்து மடித்தாள்.

“சின்னவன் வாங்கிட்டுப் போனானா?”

அம்மாவுக்குப் பொய் வராது. வந்தாலும் நிற்காது. “நான்தான் எடுத்துக் கொடுத்தேன்,” என்றாள்.

“எதுக்குன்னு தெரிஞ்சா?”

அம்மா மடித்த துணியை நீவினாள். “தெரியும்.”

“எப்ப?”

“அது ஆச்சு, அஞ்சு மாசம்.”

ஐந்து மாசம். பெரியவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த ஐந்து மாசத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறாள்! ஜன்னலோரம் ஆரஞ்சு மூடி இல்லாதது ஒருநாளும் கண்ணில் படவில்லை. புது மூடியைப் பற்றி மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். அம்மா ம் கொட்டிக்கொண்டே பரிமாறியிருக்கிறாள். “ரொம்பத்தான் அலைஞ்சு உடம்பைக் கெடுத்துக்கறே, விட்டுடேன்,” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். கரிசனம் என்று நினைத்துப் பெரியவள் உருகிப்போயிருந்தாள்.

“ஏம்மா?”

“என்ன ஏன்?” அம்மாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. “காலம் பூரா அவன் அக்கா கம்பெனியில பை தூக்கிட்டு அலையணுமா? அங்க அவனுக்குத் தனி ரூம் தர்றாங்களாம். பெரிய வேலை. சும்மா தருவாங்களா, ஏதாவது கொண்டுவான்னு கேட்டிருக்காங்க. அவன்கிட்ட என்ன இருக்கு கொண்டுபோக? உனக்கு மூளை இருக்கு. நீ நாளைக்கே உக்காந்து இன்னொண்ணு செஞ்சிடுவே. நீ எப்படியும் சமாளிச்சுக்குவே.”

நீ சமாளிச்சுக்குவே. இந்த வார்த்தையைக் கேட்டுத்தான் பெரியவள் வளர்ந்தாள். அவளுக்கு வாங்கிய சைக்கிள் சின்னவனுக்குப் போனபோது கேட்டாள். அவன் பரீட்சையில் தோற்ற வருஷம், வீட்டில் யாரும் அவள் மார்க் எவ்வளவு என்று கேட்காதபோது கேட்டாள். அப்போதெல்லாம் அது பாராட்டு மாதிரிதான் இருந்தது. திறமை இருப்பவளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இத்தனை வயசுக்கு மேல் தெரிந்தது. பெற்ற தாயிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய பாடமா அது?

“பதினாலு பேர் இருக்காங்கம்மா அங்க,” என்றாள். “இன்னிக்கு அச்சுக்காரரை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திருடன்னு சொல்லிட்டேன்.”

அம்மாவின் கை நின்றது. “அய்யய்யோ! அந்த நல்ல மனுஷனையா?” உண்மையாகவே பதறிப்போனாள். “அவரு என்னடி பண்ணாரு பாவம்?”

அச்சுக்காரருக்காக அம்மா கண் கலங்கியதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்காகக் கலங்கவில்லை. மகள்தான் சமாளித்துக்கொள்வாளே.

கைபேசி அடித்தது. சின்னவன். பெரியவள் அதை எடுத்து, அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, கேட்டியா அவரை? என்ன சொன்னாரு?”

“போயிட்டாரு.”

“போகட்டும், விடு. நான் சொன்னா நீ நம்பறதில்லை. கூடவே இருந்து குழி பறிக்கிறவங்களை இப்படித்தான் முகத்துக்கு நேரா கேட்டுடணும். நீ கவலைப்படாதே, நான் சாயங்காலம் வர்றேன், பேசிக்கலாம்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் இணைப்பைத் துண்டித்தாள். வெளியே போன அச்சுக்காரரை நீலக் கம்பெனி நாளைக்கே கூப்பிடும். மூடி ஒன்று போதாது, மூடி வெட்டுகிற கையையும் சேர்த்துத்தான் தம்பி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்திருக்கிறான்.

“அவரைப் பழி சொல்லச் சொல்லி நான் அவன்கிட்ட சொல்லலை,” என்றாள் அம்மா மெதுவாக.

“சரிம்மா.”

“முகமெல்லாம் வாடிக் கிடக்கு. தண்ணியாவது குடி.”

அம்மா எழுந்துபோய் நீலப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியவளுக்குத் தொண்டை வறண்டுதான் இருந்தது. பழக்கதோஷத்தில் வாங்கிக் கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். விரல் வழுக்கியது. சாய்த்து அழுத்தினாள், பள்ளத்தின் ஓரம் நகத்தில் இடித்தது. இரண்டு கையாலும் முயன்றாள். மூடி அசையவில்லை.

“இப்படிக் கொடு,” என்று அம்மா அதை வாங்கினாள். அவளுடைய வளைந்த கட்டைவிரல் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரே அழுத்து. டக்கென்று திறந்தது.

“பாரு, எவ்வளவு சுலபம்,” என்றாள் அம்மா. திறந்த பாட்டிலை மகளிடம் நீட்டினாள். முகத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெருமை அப்படியே இருந்தது. “நல்லாத்தான் செஞ்சிருக்கே நீ.”

பெரியவள் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அச்சுக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும். தெருமுனைக்கு வந்த பிறகுதான், வீடு எந்தப் பக்கம் என்றே தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.